கணக்கெடுப்பும் ரகசியமும்

வண்டலூர் உயிரியல் பூங்காவைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே செல்லுகிறவர்கள், 2023 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் விஸ்தாரத்தைப் பார்த்து முடிப்பதற்குள் ஊரப்பாக்கத்தை அடைந்துவிடுகிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து உத்தியோகம் தேடி வந்த குடும்பங்களும், வட இந்தியாவிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்களும் ஒரே தெருவில் வாடகைக்குக் குடியிருந்து, எதிர்வீட்டுக்காரர் பெயரைக்கூட அறியாமல் காலம் கழிக்கும் இந்தப் புறநகரில், கையில் கைபேசியோடு ஓர் ஆசிரியை வாசலில் நின்று, "சென்சஸ் எடுக்க வந்திருக்கேம்மா" என்று சொன்னால், கதவு உடனே திறந்துவிடும் என்று எதிர்பார்ப்பது பேராசை. எத்தனை பகுதிகளை வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்று சொன்னால் வரி ஏறிவிடுமோ என்பது வீட்டுக்காரரின் கவலை, ஓ.டி.பி. கேட்டுப் பணத்தைப் பறிக்கும் கூட்டத்தாரில் இவரும் ஒருவரோ என்பது குடியிருப்பவரின் கவலை.

முதல் கவலைக்கு 1948-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்திலேயே சமாதானம் இருக்கிறது. அதன் 15-ஆம் பிரிவின்படி, கணக்கெடுப்புப் பதிவேட்டைப் பார்வையிட எவருக்கும் உரிமை கிடையாது. அந்தச் சட்டத்தின் கீழேயே தொடரப்படும் வழக்கு நீங்கலாக, சிவில் வழக்கிலோ கிரிமினல் வழக்கிலோ அதிலுள்ள எந்தப் பதிவையும் சாட்சியமாக ஏற்கவும் முடியாது. கேட்டறிந்ததை அனுமதியின்றி வெளியிடும் கணக்கெடுப்பாளருக்கு மூன்றாண்டுவரை சிறைவாசம் விதிக்கலாம் என்கிறது 11-ஆம் பிரிவு. பதில் சொல்வது பிரஜையின் கடமை என்று வற்புறுத்தும் சட்டமே, சொன்னதை அவருக்கு விரோதமாக உபயோகிக்கக் கூடாதென்றும் தடுத்திருப்பதுதான் இதன் நியாயம்.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு அருமையானது என்பது, அது இல்லாத ஒரு கணக்கெடுப்பைப் பார்த்தால் விளங்கும். 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, ஜாதிக் கணக்கெடுப்பு மேற்படி சட்டத்தின் கீழ் நடக்கவில்லை. அதில் தரப்பட்ட சொந்த விவரங்களை, சலுகைகளை அளிக்கவோ மறுக்கவோ அரசாங்க இலாகாக்கள் பயன்படுத்தலாம் என்றே அறிவிக்கப்பட்டிருந்தது. இரண்டுக்கும் வாசலில் வந்து நின்றவர் ஒருவரைப்போலவே இருந்தார். சட்டம் மட்டும் வேறு. 2010-இல் வீட்டுப்பட்டியல் பணியோடு சேர்த்தே, குடியுரிமைச் சட்டத்தைச் சார்ந்த மக்கள்தொகைப் பதிவேட்டுக்கும் விவரம் திரட்டியதால், எதற்கு எந்தப் பதில் போகிறது என்ற குழப்பம் ஜனங்களிடையே நிலைத்துவிட்டது. அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2027 மார்ச் 1-ஆம் தேதியை ஆதாரமாகக் கொண்ட இப்போதைய கணக்கெடுப்பு, இந்நாட்டில் செயலியைக்கொண்டு நடத்தப்படும் முதல் கணக்கெடுப்பு. சுமார் முப்பது லட்சம் ஊழியர்கள் இதில் ஈடுபடுகிறார்கள். இணையதளத்தில் தாமே விவரங்களைப் பதிந்து, அதற்குக் கிடைக்கும் அடையாள எண்ணைக் கணக்கெடுப்பாளரிடம் காட்டவும் வழி உண்டு. காகிதப் படிவங்களில் ஒன்றிரண்டு காணாமற்போனால் ஒரு தெருவின் ரகசியம்தான் போகும். ஒரு ஜில்லாவின் படிவங்களைத் திருடுகிறவன் லாரி கொண்டுவர வேண்டும். இப்போதோ, ஆசிரியை தம் சொந்தக் கைபேசியில் பதிவதால், காவல் அவருடைய கைபேசிப் பூட்டிலிருந்தே ஆரம்பமாகிறது: வீட்டில் குழந்தைகள் விளையாடுவதும், யாரோ அனுப்பிய இணைப்பைத் தொடுவதும் அதே கருவியில்தான். சர்வருக்கு எத்தனை மதில் எழுப்பினாலும், ஊழியருக்கு அளிக்கும் பயிற்சியில் ஒரு மணி நேரமாவது இதற்கென்று ஒதுக்காவிட்டால் அந்த மதில்கள் அரைகுறையே. ஆஸ்திரேலியாவில் 2016 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரவு, தடுத்திருக்கக்கூடிய அற்பத் தாக்குதல்களால் கணக்கெடுப்புத் தளம் சுமார் நாற்பது மணி நேரம் மூடிக்கிடந்தது. தகவல் எதுவும் களவுபோகவில்லை. ஆனால் ஜனங்களின் நம்பிக்கை தளர்ந்தது.

முதல் கட்டமான வீட்டுப்பட்டியலின் முப்பத்து மூன்று கேள்விகளில் கடைசியாகக் கைபேசி எண் கேட்கப்படுகிறது. கணக்கெடுப்பு சம்பந்தமான தொடர்புக்கு மட்டுமே என்று குறிப்பும் உண்டு. ஊரப்பாக்கத்துக் குடித்தனக்காரர் மிகவும் தயங்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும். வங்கிக் கணக்கு எண்ணோ வங்கி ஓ.டி.பி.யோ அந்தக் கேள்விகளில் இல்லை; அவற்றைக் கேட்பவர் யாராயினும் கதவைச் சாத்தலாம்.

கள்வரைவிட எனக்கு அதிகக் கலக்கம் தருவது சட்டத்திலுள்ள ஒரு சொற்றொடர். வெளியிடுதல் குற்றமாவது, அரசாங்கத்தின் முன் அனுமதி இல்லாதபோதுதான். அமெரிக்காவில் யுத்த காலத்தில், 1942-இல் இயற்றிய சட்டமொன்று கணக்கெடுப்பின் ரகசியத்தை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டில் வாஷிங்டனில் வசித்த ஜப்பானிய வம்சத்தாரின் பெயரும் விலாசமும் வேறோர் இலாகாவுக்குக் கொடுக்கப்பட்டன. பூட்டை உடைக்கவில்லை, சாவி வைத்திருந்தவர்களே திறந்தார்கள்.

இம்முறை இரண்டாம் கட்டத்தில் ஜாதியும் கேட்கப்படுவதால், களவும் அனுமதியும் இல்லாமலே ரகசியம் வெளிப்படும் வழியொன்று இருக்கிறது. நூறு குடும்பங்களுள்ள ஒரு தெருவில் ஒரு ஜாதிக்கு ஒரே குடும்பம் இருந்து, அட்டவணை அத்தனை நுணுக்கமாக அச்சானால், பெயர் போடாமலே ஆளைச் சுட்டிக்காட்டியதாகும். இதற்கு அஞ்சியே அமெரிக்கர் 2020-இல், சிற்றூர்களின் எண்களில் சிறிது மாறுதலைக் கணித முறைப்படி வேண்டுமென்றே கலந்து வெளியிட்டார்கள். அந்த எண்களை நம்பி ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதை ஆட்சேபித்தார்கள். ஜாதிவாரி எண்ணை மாநில அளவில் தருவதா, வட்ட அளவிலா, தெருவரையிலுமா என்பதைக் கணக்கெடுத்த பிறகு யோசிக்காமல், ஆசிரியை வாசலுக்கு வருவதற்கு முன்பே தீர்மானித்து விளம்பரப்படுத்துவது உசிதம். தயங்கி நிற்கும் குடித்தனக்காரரிடம் அவர் சொல்வதற்கு ஒரு பதிலாவது இருக்கும்.