கல்லால் வாழும் ஊர்: செந்தெமிலியோன்

பிரான்சு தேசத்தின் தென்மேற்கிலே, போர்தோ நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், சுண்ணக்கல் மேடொன்றின் மீது அமைந்தது செந்தெமிலியோன் என்னும் சிற்றூர். அதனைச் சூழ எங்கணும் முந்திரிகைத் தோட்டங்களே. மதுவின் பொருட்டே உலகத்தார் அவ்வூரை அறிவர். ஆயின் அங்குச் செல்வோர் முதலில் நோக்கத்தக்கது மதுவன்று, கல்லேயாம்.

வீடும் மதிலும் கோயிலும் அந்நிலத்தடியில் அகழ்ந்த மஞ்சட்கல்லால் எழுந்தவை. போர்தோ நகரத்து மாளிகைகளுக்கும் அக்கல் சென்றது. பல நூற்றாண்டுகள் அகழ்ந்தமையால் ஊரின் கீழே சுரங்கங்கள் அடுக்கடுக்காய்ப் பரந்து கிடக்கின்றன. தட்பவெப்பம் அதிகம் மாறாத அவற்றுட் சில, மது முதிரும் அறைகளாயின. மேலேயோ, அதே கல் மழைநீரை உள்வாங்கி வைத்து, கோடையிலே கொடிகளின் வேருக்குச் சிறுகச் சிறுக அளிக்கின்றது. சுண்ணக்கல்லின்மேற் கிணறு தோண்டி வாழும் யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

எட்டாம் நூற்றாண்டில் இங்கே குகையொன்றில் தவமியற்றினார் எனப்படும் எமிலியோன் என்னும் துறவியின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. அக்குகையை அடுத்து, 12ஆம் நூற்றாண்டளவில், ஒரே பாறையைக் குடைந்து கிறித்தவக் கோயிலொன்று அமைத்தனர். அதன் நீளம் 38 மீற்றர். உயரம் 12 மீற்றர். எல்லோராக் கைலாசநாதர் ஆலயம் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டு வானம் பார்த்து நிற்பது. இதுவோ பாறையின் வயிற்றினுள்ளே மறைந்திருப்பது.

மறைந்த அக்கோயிலின் தலைமேலேயே பின்வந்தோர் 53 மீற்றர் உயர மணிக்கோபுரத்தைக் கட்டினர். கீழே வெற்றிடம் உண்டென்பதை அவர் அறியாதவரல்லர். அறிந்தும் கட்டினர் என்பதே வியப்பு! கோபுரச் சுமையைத் தாங்குவன, குடையாது விடப்பட்ட பாறைத் தூண்களே. நீர் ஊறிய சுண்ணக்கல் வலிமை குன்றும். கொடிக்கு உயிரூட்டும் அந்நீரே தூணுக்குப் பகையாயிற்று. ஆதலின் 1990களில் தூண்கள் சிலவற்றுக்கு உலோகப் பட்டைகள் பூட்டப்பட்டன.

நிலவறைகள் மனிதருக்கும் புகலளித்தன. பிரெஞ்சுப் புரட்சியின்போது தலைமறைவான ஜிரோந்தைக் கட்சியினர் சிலர் இங்கே ஒளிந்திருந்தனர். அவருள் இவ்வூரிற் பிறந்த குவாதே, 1794இல் அகப்பட்டு, போர்தோவிலே கொல்லப்பட்டார்.

இவ்வூர்க்குத் தன்னாட்சி உரிமைப் பட்டயத்தை 1199இல் வழங்கியவர் அந்நாளில் அந்நாட்டையும் ஆண்ட இங்கிலாந்து மன்னர் யோன். அப்பட்டயத்தின்வழி வந்த ஊரவை புரட்சியோடு மறைந்து, 1948இல் மது காக்கும் கழகமாக மீண்டும் எழுந்தது. செப்டெம்பர் மாதத்திற் செவ்வங்கி அணிந்த அதன் உறுப்பினர், அரசகோபுரத்தின் உச்சியிலேறி அறுவடையை அறிவிப்பர். 1999இல் ஊரும் தோட்டங்களும் ஒருங்கே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

குடைவரைக் கோயிலுக்குள் வழிகாட்டியின்றிப் புகுதல் இயலாது. அதனை முதலிற் கண்டு, பின்னரே கோபுரத்தில் ஏறுக.