பேச்சின் வலிமையும் பொருளும்

விறாந்தையில் அமர்ந்திருக்கும் பாட்டனாரிடம் பேரன் ஏதோ சொல்லுகிறான். "சத்தம் கேட்குது, சொல்லுத்தான் விளங்கேல்லை" என்கிறார் அவர். வீட்டார் குரலை உயர்த்துகின்றனர், பயனில்லை. கிழவருக்குக் கவனம் போதாது என்று சலித்துக்கொள்கின்றனர். ஆனால், அவர் கூறியது முற்றிலும் உண்மை. பேச்சில் ஒலிச்சக்தி பரந்துள்ள முறையை அறிந்தால் அது தெளிவாகும்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் தொகை மீடிறன் எனப்படும். பேசும்போது ஆடவரின் குரல்நாண்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 120 தடவையும், பெண்டிரின் குரல்நாண்கள் 200 தடவைக்குச் சற்று மேலாகவும் அதிர்கின்றன. இவற்றின் இருமடங்கு, மும்மடங்கு என மேற்றொனிகளும் உடனெழுகின்றன. தொண்டையும் வாயும் அவற்றுட் சிலவற்றை ஓங்கச் செய்வதனாலேயே ஆ, ஈ, ஊ என்னும் உயிர்கள் வேறுபடுகின்றன. பேச்சின் சக்தியிற் பெரும்பகுதி உயிரொலிகளில், 1000 அதிர்வுக்குக் கீழே தங்கியுள்ளது.

மெய்களின் நிலை வேறு. இலக்கணத்தில் வல்லினம் எனப் பெயர் பெற்றவையே பெரும்பாலும் சக்தியில் மெலிந்தவை. அவற்றை இனங்காட்டும் கூறுகள் 1000 அதிர்வுக்கு மேலே, பல ஆயிரம் வரையிற் பரந்துள்ளன. பட்டம், கட்டம், சட்டம் என்னும் சொற்களைப் பிரித்துக் காட்டுவது அந்த மெலிந்த முதலொலி ஒன்றே.

அமெரிக்கத் தொலைபேசி ஆய்வாளர் ஹார்வி பிளெச்சர் 1920க்களில் இதனைச் சோதித்தார். பேச்சில் 500 அதிர்வுக்குக் கீழுள்ளவற்றை வடித்து நீக்கியபோது சக்தியிற் பாதிக்கு மேல் போயிற்று. சொற்றெளிவோ மிகச் சிறிதே குறைந்தது. 1500க்கு மேலுள்ளவற்றை நீக்கியபோது சக்தியிற் சொற்பமே போயிற்று. சொற்றெளிவு பெரிதும் கெட்டது. எனவே, பேச்சின் வலிமை கீழே இருக்கிறது. பொருளை விளக்கும் நுட்பம் மேலே இருக்கிறது.

முதுமையிற் செவி முதலில் இழப்பது உயர் மீடிறன்களையே. பாட்டனாருக்கு உயிர்கள் கேட்கின்றன, மெய்கள் நழுவுகின்றன. உரத்துக் கத்தினால் உயிர்களே மேலும் ஓங்கி, மெய்களை அமுக்கிவிடும். ஆகவே, அவர் முகத்துக்கு எதிரே அமர்ந்து, மெய்களைத் திருத்தமாக ஒலித்து, ஆறுதலாகப் பேசுவதே தகும். அவ்வேளையில் அருகே வானொலி பாடிக்கொண்டிருந்தால், அதனையும் சற்று நிறுத்திவைத்தல் நன்று.