செம்பனையின் ஊரில் ஒரு கிளியைத் தேடி

கானாவில் நான் எடுத்த முதல் படம் யானையும் இல்லை, கடற்கரையும் இல்லை. சாலையோரத்தில் நின்ற ஒரு செம்பனை மரம். கேப் கோஸ்ட் நகரிலிருந்து வடக்கே போகும் வழியில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி எடுத்தேன். உடன் வந்த நண்பர்கள் சிரித்தார்கள். “இவ்வளவு தூரம் பறந்து வந்து கெலாப்பா சாவிட்டையா படம் எடுக்கிற?”

சிரிக்கட்டும். கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பாட்டி வீட்டில், பள்ளி விடுமுறைகளைக் கழித்தவள் நான். எனக்குச் செம்பனை என்றால் வரிசை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒரே நிழல். இங்கே நின்ற மரத்துக்கு அண்டை அயலில் தன் இனத்தவர் யாருமே இல்லை. ஒரு பக்கம் மரவள்ளி, இன்னொரு பக்கம் வாழை, பின்னால் கோகோ. தண்டு முழுக்கப் பெரணிச் செடிகள். மட்டைகளிலிருந்து தூக்கணாங்குருவிக் கூடுகள் டஜன் கணக்கில் தொங்கின. குருவிகள் அந்த மரத்தின் ஓலையையே நாராகக் கிழித்துக் கூடு பின்னிக்கொண்டிருந்தன.

குலைக்குப் பக்கத்தில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு பெரிய பறவை உட்கார்ந்திருந்தது. முகத்தில் இறகு இல்லை, ஆரஞ்சுச் சிவப்புத் தோல். எங்கள் வழிகாட்டி தொலைநோக்கியை என் கையில் கொடுத்து, “சிஸ்டர், அது பிணந்தின்னிக் கழுகு இனம். ஆனால் பிணத்தைவிடப் பழம்தான் அதற்குப் பிடிக்கும்” என்றார். அந்தக் கழுகு அலகால் செம்பனைப் பழத்தைப் பிய்த்து, ஒரு காலால் பிடித்துக்கொண்டு, சதையை உரித்துத் தின்றது. நண்டும் மீனும்கூடத் தின்னுமாம். ஆனால் முக்கிய உணவு இந்தப் பழம். கழுகு ஒன்று சைவச் சாப்பாடு சாப்பிடுவதைப் பார்த்த பிறகு நண்பர்களும் படம் எடுக்க இறங்கி வந்துவிட்டார்கள்.

வனவியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நால்வர், ஒரு விரிவுரையாளர், இரண்டு வாரங்கள். அதுதான் எங்கள் பயணம். போவதற்கு முன் கானாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்: கோகோ விளையும் நாடு, கால்பந்து ஆடும் நாடு, நம்மைப் போலவே 1957இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. நம் தோட்டங்களில் நிற்கும் மரத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காதான் பூர்வீகம் என்று வகுப்பில் படித்திருந்தேன். படித்தது வேறு, அந்த மரத்தை அதன் சொந்தக்காரர்களோடு பார்ப்பது வேறு.

செம்பனை நம் பக்கம் வந்த கதை சுருக்கமானது. 1848இல் 4 கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் முதலில் அழகுக்காக நடப்பட்டன. 1917இல் சிலாங்கூரில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரிலேயே தமிழ் இருக்கிறது பாருங்கள்.

மரம் வந்தது, அதன் உறவுக்காரர்கள் வரவில்லை. ஆப்பிரிக்காவில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சுமப்பது ஒரு சிறு வண்டு. இங்கே அந்த வண்டு இல்லாததால், பெண்பூக்களில் மகரந்தத் தூளைக் கையால் தூவ ஆட்களை வைத்தார்கள். என் பாட்டி அந்த வேலை செய்தவர். “தூள் மூக்குல ஏறி நாள் பூரா தும்முவோம்டி” என்று இப்போதும் சொல்வார். 1981இல் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து நம் தோட்டங்களில் விட்ட பிறகு அந்த வேலை இல்லாமல் போனது. வண்டைக் கொண்டுவந்தோம், ஏனென்றால் அதனால் குலை பெருத்தது. கழுகு, குருவி, கிளி பற்றி யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கக் காரணமும் இல்லை.

கிளி என்று சொன்னேன் அல்லவா? நான் கானாவில் உண்மையில் பார்க்க ஆசைப்பட்டது கிளியைத்தான். கிள்ளானில் என் பெரியப்பா வீட்டில் ஓர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இருக்கிறது. சாம்பல் உடம்பு, சிவப்பு வால். நான் பிறப்பதற்கு முன்பே, தெரிந்தவர் ஒருவரிடமிருந்து வாங்கியது. பழைய வீட்டுத் தொலைபேசி மணி போல ஒலி எழுப்பி எல்லாரையும் ஓட வைக்கும். என் சிறுவயதுத் தோழன் என்றே சொல்லலாம். அதன் சொந்தக்காரர்கள் காட்டில் கூட்டமாகப் பறப்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் கனவு. செம்பனைப் பழம் சாம்பல் கிளிக்கும் பிடித்த உணவு. மரம் இருக்கிறது, பழம் இருக்கிறது, ஆகவே கிளியும் இருக்கும். இதுதான் என் கணக்கு.

மறுநாள் விடியற்காலையில் காக்கும் தேசியப் பூங்காவுக்குப் போனோம். கேப் கோஸ்ட்டிலிருந்து 30 கிலோமீட்டர் தூரம்தான். அங்கே மர உச்சிகளுக்கு இடையே கயிறும் பலகையுமாகக் கட்டிய நடைபாலம் உண்டு. 1995இல் திறந்தது, 7 பாலங்கள், மொத்தம் சுமார் 350 மீட்டர் நீளம், சில இடங்களில் தரையிலிருந்து 40 மீட்டர் உயரம். தாமான் நெகாராவில் இப்படி நடந்தவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியும். முதல் பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவதில் பயம் மறந்துபோனது.

மேலே நின்றால் காடு கீழே கிடக்கிறது. பறவைகளை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, குனிந்து பார்க்கலாம். மூடுபனிக்குள்ளிருந்து ‘புஸ்… புஸ்…’ என்று பழைய ரயில் போல ஒரு சத்தம் நெருங்கி வந்தது. இருவாச்சி! இறக்கை அடிக்கும் ஓசைதான் அது. நம் நாட்டில் 10 வகை இருவாச்சிகள் இருப்பதால் எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. ஆனால் வந்தது பழுப்புக் கன்னம் கொண்ட வகை. உலகத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் இந்தக் காட்டுப் பட்டையைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. இந்தப் பட்டை ஒரு காலத்தில் கினியிலிருந்து கானா வரை தொடர்ச்சியாகக் கிடந்தது. இப்போது துண்டு துண்டாக, வயல்களுக்கு நடுவே தீவுகள் போல நிற்கிறது. காக்கும் அப்படி ஒரு தீவு.

மூன்று மணி நேரத்தில் என் குறிப்பேட்டில் 40க்கும் மேற்பட்ட பறவைகள். சாம்பல் கிளி இல்லை. வழிகாட்டியிடம் கேட்டேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் ‘அங்கிள்’ என்று கூப்பிட்டதும் அவருக்குச் சந்தோஷம், அங்கேயும் பெரியவர்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “நான் பையனாக இருந்தபோது சாயங்காலம் அப்பாவின் கோகோ தோட்டத்துக்கு மேலே அவை போகும். எண்ண முடியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வீடு திரும்புவோம். இப்போது என் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமே தெரியாது” என்றார்.

அவர் மிகைப்படுத்தவில்லை. 2016இல் ‘ஐபிஸ்’ என்ற பறவையியல் ஆய்விதழில் வந்த ஆய்வு இதையே எண்களில் சொல்கிறது. 1992க்குப் பிறகு கானாவின் சாம்பல் கிளிகளில் 90 முதல் 99 விழுக்காடு அழிந்துவிட்டன. முன்பு இரவில் ஒவ்வொன்றிலும் 700 முதல் 1200 கிளிகள் வரை அடைந்த மூன்று இடங்களை ஆய்வாளர்கள் மீண்டும் கண்காணித்தார்கள். மூன்றிலும் சேர்த்து 18 கிளிகளே இருந்தன.

ஏன்? முதல் காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பேசும் கிளிக்கு உலகம் முழுக்க விலை. பசை தடவிய குச்சியில் பிடித்தார்கள், பொந்திலிருந்து குஞ்சுகளை எடுத்தார்கள். இரண்டாவது காரணம் என் கணக்கைப் பொய்யாக்கியது. சாம்பல் கிளி கூடு கட்டுவதில்லை. மிக உயர்ந்த, வயதான மரங்களின் பொந்துகளில் முட்டையிடும். கானாவில் முன்பு கோகோவைப் பெரிய காட்டு மரங்களின் நிழலில் நட்டார்கள். விவசாயம் நடந்தது, கிளிக்கும் வீடு இருந்தது. பிறகு நிழல் வேண்டாத கோகோ வகைகள் வந்தன, சங்கிலி ரம்பமும் வந்தது. காட்டுக்குள் மட்டுமல்ல, தோட்டத்துக்குள் நின்ற பெரிய மரங்களும் போயின. செம்பனை கிளிக்குச் சோறு போடும், வீடு கொடுக்காது. சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறது, குடியிருக்க ஒரு வீடுகூட இல்லை என்றால் ஊரில் யார் தங்குவார்கள்?

2016 அக்டோபரில் ஜோகனஸ்பர்க்கில் கூடிய நாடுகள், காட்டில் பிடித்த சாம்பல் கிளிகளை நாடு விட்டு நாடு விற்பதைத் தடை செய்ய ஒப்புக்கொண்டன. நல்ல முடிவு. ஆனால் தடைச் சட்டத்துக்குப் பொந்து உண்டாக்கத் தெரியாது. ஒரு மரம் அந்த உயரத்துக்கு வளர்ந்து, கிளை முறிந்து, உள்ளே உளுத்து, பொந்தாக மாற எத்தனை தலைமுறை ஆகும்!

அந்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பெரியப்பாவின் கிளி கூண்டில் பிறந்ததா, காட்டில் பிடிபட்டதா? அவருக்கே தெரியாது. வாங்கும்போது யாரும் கேட்கவில்லை.

பயணத்தின் கடைசி நாள்களில் அஷாந்தி வட்டாரத்துக்குப் போனோம். பொன்க்ரோ என்பது சிறு கிராமம். அதன் காட்டில் வெண்கழுத்துப் பாறைக்கோழி வாழ்கிறது. கோழி என்று பெயரே தவிர கோழி இல்லை. 1954இல் இந்தப் பறவையைப் படம் பிடிக்கத்தான் டேவிட் அட்டன்பரோ தம் முதல் ‘ஸூ குவெஸ்ட்’ பயணமாகச் சியாரா லியோனுக்குப் போனார். கானாவில் இது அழிந்துவிட்டது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 2003இல் மறுபடி கண்ணில் பட்டது.

கிராமத்து இளைஞர் ஒருவர் முன்னே நடந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம், கடைசியில் செங்குத்தான ஏற்றம். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது. காட்டுக்குள் திடீரென்று ஒரு பெரும் பாறை, குடை போல முன்னால் சாய்ந்து நின்றது. அதன் அடிவயிற்றில் சேற்றுக் கிண்ணங்கள் ஒட்டியிருந்தன. அவைதாம் கூடுகள். ஆண்டுக்கு ஆண்டு அவற்றையே பழுது பார்த்துப் பயன்படுத்துமாம். மரப் பலகையில் வரிசையாக உட்கார்ந்தோம். பேசக்கூடாது, கொசுவை அடிக்கக்கூடாது. பிற்பகல் நான்கரை மணி. ஐந்து. கால் மரத்துப்போனது. என் மனத்தில் இதுவும் கிளிக் கதைதான் என்ற எண்ணம் வந்துவிட்டது.

ஐந்தே கால் இருக்கும். இலைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது. இறகே இல்லாத பளிச்சென்ற மஞ்சள், கண்ணுக்குப் பின்னால் ஹெட்போன் மாட்டியது போல வட்டமான கறுப்புத் திட்டு. வெள்ளைக் கழுத்து, நீண்ட வால். பறக்கவில்லை, ஸ்பிரிங் வைத்த கால்களால் பாறையிலிருந்து கொடிக்கு, கொடியிலிருந்து பாறைக்குத் துள்ளியது. என்னிடமிருந்து ஐந்து மீட்டர் தூரத்தில் நின்று, நாங்கள் என்ன பிராணி என்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு இன்னொன்று வந்தது. மூச்சுவிடும் சத்தம்கூட அதிகமாகத் தோன்றியது.

இந்தப் பறவைக்குப் பாறை மட்டும் போதாது. கூட்டுக்கு ஈரச் சேறு தர ஓடை வேண்டும். தரையில் இரை தேட நிழலும் சருகும் வேண்டும். எறும்புப் படை போனால் அதற்குத் தப்பி ஓடும் பூச்சிகளைப் பிடிக்கப் பின்னாலேயே போகும். சுற்றியுள்ள மரங்களை வெட்டினால் பாறை அப்படியே நிற்கும், பறவை நிற்காது. பொன்க்ரோ மக்களுக்கு இது தெரிந்திருக்கிறது. பார்க்க வருபவர்கள் கிராமத்துக்குக் கட்டணம் கட்டுகிறார்கள், நாங்களும் கட்டினோம். “முன்பு என் மாமா இந்தக் காட்டில் வேட்டைக்காரர். இப்போது நான் வருகிறேன், துப்பாக்கி இல்லாமல்” என்று அந்த இளைஞர் இறங்கும்போது சொன்னார். அவர் பேசியதில் பெருமையைவிட நிம்மதிதான் அதிகம்.

இரவு கிராமத்தில் சாப்பிட்ட செம்பனைப் பழ சூப்பைப் பற்றி ஒரு வரியாவது எழுதாவிட்டால் பாவம். அபென்க்வான் என்பார்கள். சிவப்பாக, கெட்டியாக, காரமாக, ஃபூஃபூ உருண்டையோடு. நம் தோட்டங்களில் அந்தப் பழத்தை ஆலைக்கு அனுப்பத் தெரியும். குழம்பு வைக்கத் தெரியாமல் போய்விட்டது.

ஊர் திரும்பிய மறுவாரம் பாட்டியிடம் கழுகுப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இதத் தின்ன இப்படி ஒண்ணு இருக்கா? எங்க காலத்துல எலிதான்டி தின்னுச்சு. அப்புறம் எலியப் பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வச்சாங்க” என்றார். குருவிக் கூடுகள் தொங்கிய மரத்தைப் பார்த்ததும் அது செம்பனை என்பதை அவர் நம்பவே இல்லை.

அன்று மாலையே கிள்ளானுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே தொலைபேசி மணி அடித்தது. அந்த வீட்டில் தொலைபேசி இணைப்பைத் துண்டித்துப் பத்து வருடமாகிறது. இரண்டு வாரங்கள் கானாவில் தேடியும் கேட்காத குரல் அது. கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, தலையைச் சாய்த்து, பெரியம்மாவின் குரலிலேயே கேட்டது:

“வா வா, டீ குடிக்கிறியா?”