எரிமலை செதுக்கிய தூண்கள்... செயின்ட் மேரீஸ் தீவுக்கு ஒரு ட்ரிப் போலாமா?

பீச் ட்ரிப்னாலே கோவா, பாண்டிச்சேரினு யோசிக்கிறவரா நீங்க? இந்த முறை கர்நாடகாவின் உடுப்பி பக்கம் போய்ப் பாருங்க. மல்பே கடற்கரையிலிருந்து படகில் ஏறினால், அரை மணி நேரத்துக்குள் செயின்ட் மேரீஸ் தீவு வந்துடும்.

பேருதான் தீவு. உண்மையில் இது நான்கு சிறு தீவுகளின் கூட்டம். நாம இறங்குறது 'கோகனட் ஐலண்ட்'. அரை கிலோமீட்டர் நீளம்தான். தென்னை மரங்கள், கரையெங்கும் சிப்பிகள், சுத்தியும் கடல்.

ஆனா, ஹீரோ அங்கிருக்கும் பாறைகள்தான்! உளி வச்சு செதுக்கின மாதிரி ஐந்து பக்கம், ஆறு பக்கம் கொண்ட கல்தூண்கள் வரிசையா நிற்கும். சில தூண்கள் 6 மீட்டர் உயரம். யார் செதுக்கியது? எரிமலைதான். கோடையில் ஏரி வத்தினா வண்டல் மண் பாளம் பாளமா வெடிக்கும் இல்லையா? அதே மாதிரி, எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி, மேலிருந்து கீழ் வரை வெடிச்சதால் உருவானவை இவை. இது நடந்தது சுமார் 8.8 கோடி வருடங்களுக்கு முன்னால், மடகாஸ்கர் இந்தியாவைவிட்டுப் பிரிஞ்ச காலத்தில். இந்தத் தீவை தேசிய புவியியல் சின்னமாக அறிவிச்சிருக்காங்க.

பெயருக்குப் பின்னாலயும் ஒரு கதை உண்டு. 1498-ல் இந்தியா வந்த வாஸ்கோடகாமா இங்கே இறங்கி, மேரி மாதாவின் பெயரை வச்சார்னு சொல்றாங்க.

எப்படிப் போறது?

சென்னையிலிருந்து மங்களூருக்கு நேரடி ரயில் இருக்கு. அங்கிருந்து உடுப்பி சுமார் 60 கி.மீ. உடுப்பியிலிருந்து மல்பே பக்கம்தான். பஸ், ஆட்டோ கிடைக்கும்.

எப்போ போகலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். கடல் கொந்தளிக்கும் என்பதால் படகுகள் ஓடாது. நவம்பர் - பிப்ரவரி பெஸ்ட். தீவில் தங்க முடியாது. அதனால, கடைசிப் படகு எத்தனை மணிக்குனு ஏறும்போதே கேட்டு வச்சுக்கோங்க.

இதை மட்டும் மறக்காதீங்க!

ஈரப் பாறைகள் பயங்கரமா வழுக்கும். இங்கே அலை இழுத்து உயிர் போன சம்பவங்கள் நடந்திருக்கு. செல்ஃபிக்காகப் பாறை விளிம்புக்குப் போகாதீங்க. குளிக்க அனுமதிச்ச இடத்தைத் தாண்டாதீங்க. 'ஞாபகத்துக்கு'னு கல்லைப் பெயர்த்து எடுக்கிறதும், பாறையில் பெயர் எழுதுறதும் வேண்டாம். அது உடைஞ்சா, இன்னொண்ணு உருவாக்க யாராலயும் முடியாது. போட்டோ மட்டும் எடுத்துட்டு வாங்க, போதும்!