கோவாத் தீவுகளின் மரச் சொரூபங்கள்: தடையை மீறி வளர்ந்த பக்திக் கலை

பழைய கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடலை மக்கள் பார்வைக்கு வைக்கும் நிகழ்ச்சி பத்தாண்டுகளுக்கு ஒரு முறை நடைபெறுகிறது. கடந்த முறை 2024 நவம்பர் 21-ம் தேதி தொடங்கி 2025 ஜனவரி 5-ம் தேதி வரை நடைபெற்ற அந்த நிகழ்ச்சிக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் திரண்டனர். போம் ஜேசு பேராலயத்தில் அவ்வுடலுக்கென அமைந்துள்ள வெள்ளிப் பேழை 1636-37-ம் ஆண்டுகளில் கோவாவைச் சேர்ந்த பொற்கொல்லர்களால் செய்யப்பட்டது. அதைத் தாங்கி நிற்கும் பளிங்கு மேடையோ டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ அனுப்பிவைத்த இத்தாலியச் சிற்பம். 1698-ல் இங்கு நிறுவப்பட்டது. மேடை கடல் கடந்து வந்தது, பேழை உள்ளூரில் பிறந்தது என்ற வேறுபாடு வந்து செல்வோரில் பலருக்குத் தெரிவதில்லை.

கிறிஸ்தவ வழிபாட்டுப் பொருள்கள் என்றாலே அவை அந்நிய நாட்டு இறக்குமதி என்ற எண்ணம் அரசியல் மேடைகளில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. கோவாவின் தீவுக் கிராமங்களில் நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாகச் செதுக்கப்பட்டு வந்த மாதா, குழந்தை இயேசு, புனிதர் சொரூபங்களின் வரலாறு அந்த எண்ணத்துக்கு இடம் தரவில்லை. அவற்றைச் செய்த கைகளில் பல இந்துக் கைவினைஞர்களின் கைகள். அதுவும், அவர்கள் அவற்றைத் தொடவே கூடாது என்று ஆட்சியாளர்கள் ஆணையிட்டிருந்த காலத்தில்!

தீவுகளில் வேரூன்றிய சமயம்:

1510-ல் அல்போன்சோ டி அல்புகர்க் கைப்பற்றிய கோவா, மாண்டவி, ஜுவாரி நதிகளுக்கு இடையே அமைந்த திஸ்வாடித் தீவும் அதையொட்டிய சில சிறு தீவுகளுமே ஆகும். போர்த்துகீசியர் இப்பகுதியைத் "தீவுகள்" என்ற பொருளில் "இல்யாஸ்" என்றே அழைத்தனர். திஸ்வாடியுடன் திவார், சோராவ், சாந்தோ எஸ்தேவாம் ஆகியவை இதில் அடங்கும். பார்தேஸ், சால்செட் பகுதிகள் 1543-ல்தான் அவர்கள் வசமாயின. எனவே, கோவாவின் கத்தோலிக்க சமயம் முதலில் தீவுச் சமயமாகவே உருப்பெற்றது.

அந்த மாற்றம் அமைதியாக நிகழவில்லை. 1540-ஐ ஒட்டித் திஸ்வாடியில் கோயில்கள் இடிக்கப்பட்டன. அவற்றின் நிலங்களிலிருந்து வந்த வருவாய் தேவாலயங்களுக்குத் திருப்பி விடப்பட்டது. கதம்ப மன்னர்களின் குலதெய்வமான சப்தகோடேஸ்வரர் திவார் தீவில்தான் குடிகொண்டிருந்தார். அக்கோயில் அழிக்கப்பட்டதால், லிங்கம் ஆற்றுக்கு அப்பால் உள்ள நார்வே கிராமத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கு 1668-ல் மராட்டிய மன்னர் சிவாஜியின் ஆணைப்படி கோயில் புதுப்பிக்கப்பட்டது. திவார் குன்றின் மீதுள்ள பியதாதே மாதா ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டச் சிற்றாலயத்தில், பழைய கோயிலின் செதுக்கு வேலைப்பாடுகள் இன்றும் காணப்படுகின்றன.

கோயில் போனாலும் கோயிலுக்கு வேலை செய்த தச்சரும் கொல்லரும் கல்தச்சரும் அப்படியே இருந்தனர். புதிதாக எழுந்த தேவாலயங்களுக்குப் பீடங்களும் சொரூபங்களும் வெள்ளிப் பாத்திரங்களும் தேவைப்பட்டன. லிஸ்பனிலிருந்து கப்பலில் வருபவை போதவில்லை, விலையும் கூடுதல்.

ஆணையும் உளியும்:

இந்து ஓவியர்கள் கிறிஸ்து, மாதா, புனிதர்களின் உருவங்களை வரைவதும், அவற்றை வீடு வீடாகச் சென்று விற்பதும் போர்த்துகல் அரசருக்கே புகாராகச் சென்றது. 1540-களில் அரசர் மூன்றாம் ஜான் அதற்குத் தடை விதித்தார். 1567-ல் கூடிய கோவாவின் முதல் மறைமாகாணப் பேரவை, கிறிஸ்தவர் எவரும் வழிபாட்டுப் பொருள்களைச் செய்யும் பணியைப் பிற சமயத்தாரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று விதித்தது. 1560-ல் தொடங்கிய மத விசாரணை மன்றம், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1812 வரை நீடித்தது.

தடை மீண்டும் மீண்டும் விதிக்கப்பட்டதே அது நடைமுறைக்கு வரவில்லை என்பதற்குச் சான்று. வேலை தெரிந்தவர் கைக்கு வேலை சென்றது. ஆணையிட்டவர்களின் ஆலயங்களிலேயே அதன் தடயங்கள் உள்ளன. கோவாவின் பல ஆலயங்களில் பிரசங்க மேடையைத் தாங்கி நிற்பவை இடுப்புக்குக் கீழே பாம்பு வடிவம் கொண்ட நாக கன்னியர் உருவங்கள். தாமரையும் கொடிக்கருக்கும் மரப் பீடங்களில் இடம்பெற்றன.

இக்கலையின் உச்சமாகக் கருதப்படுபவை 17-ம் நூற்றாண்டின் தந்தச் சிற்பங்கள். "நல்ல ஆயன்" எனப்படும் வடிவத்தில் குழந்தை இயேசு ஒரு குன்றின் உச்சியில் கால் மேல் கால் போட்டு அமர்ந்து, கன்னத்தில் விரல் வைத்துக் கண்மூடியிருப்பார். மடியிலும் தோளிலும் ஆட்டுக்குட்டிகள். கீழே அடுக்கடுக்காக நீரூற்றும் விலங்குகளும். அடிப்பகுதிக் குகையில் மகதலா மரியாள். ஐரோப்பாவில் காணக் கிடைக்காத அமைப்பு இது. தியானத்தில் ஆழ்ந்த அந்த முகம் புத்தர் சிலைகளை நினைவூட்டுவதாகக் கலை வரலாற்றாளர்கள் குறிப்பிடுகின்றனர். தந்தம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, கதை விவிலியத்திலிருந்து வந்தது, அமர்ந்த கோலம் இந்த மண்ணுடையது. லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகம் உள்பட மேலை நாடுகள் பலவற்றில் இவை பாதுகாக்கப்படுகின்றன.

வீட்டுப் பீடமும் வீதி ஊர்வலமும்:

1830-களில் போர்த்துகல் அரசு துறவற சபைகளைக் கலைத்தது. ஆனால், இக்கலையின் வாழ்வு மடங்களை மட்டுமே நம்பியிருக்கவில்லை. கோவாக் கத்தோலிக்க இல்லங்களில் "ஒராதோரியோ" எனப்படும் மரத்தாலான வீட்டுப் பீடம் முக்கிய இடம் பெறுகிறது. கதவுகளுடன் கூடிய சிறு பெட்டகம் போன்ற அதனுள் குடும்பத்தின் சொரூபங்கள் தலைமுறை தலைமுறையாக வீற்றிருக்கும். "லதாயின்" எனும் மன்றாட்டு மாலை அதன் முன்பும் தெருமுனைச் சிலுவைகளின் முன்பும் பாடப்படுகிறது. "சாயிபீண்" என்று கொங்கணியில் பாசத்துடன் அழைக்கப்படும் மாதாவின் சொரூபம் வாடா எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் வீடு வீடாகச் செல்லும். ஓர் இரவு தங்கும் விருந்தாளியாகவே மக்கள் அதை வரவேற்கின்றனர்.

திஸ்வாடியின் கோவா வேலா கிராமத்தில், தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறுக்கு அடுத்த திங்கள்கிழமை, புனிதர் அனைவரின் ஊர்வலம் நடைபெறுகிறது. ஆளுயரச் சொரூபங்கள் சப்பரங்களில் தோளில் சுமந்து வரப்படும். இத்தகைய ஊர்வலச் சொரூபங்களில் தலையும் கைகளும் மட்டுமே முழுமையாகச் செதுக்கப்படுவது ஒரு பழைய முறை. மற்றப் பகுதி மரச் சட்டத்தின் மீது ஆடை அணிவித்து மறைக்கப்படும். எடை குறையும், முகத்தில் உழைப்பைச் செலுத்தவும் முடியும். செதுக்கிய மரத்தின் மீது சுண்ணமும் பசையும் கலந்த பூச்சு ஏறும். அது உலர்ந்த பின் வண்ணமும் பொன் தகடும் பூசப்படும்.

தமிழக வாசகர்களுக்கு இவை புதியவை அல்ல. வேளாங்கண்ணியில் கை, கால், வீடு எனச் செய்து செலுத்தப்படும் நேர்ச்சைக் காணிக்கைகளைப் போலவே, கோவாவில் மெழுகால் வார்த்த உடலுறுப்புகள் சவேரியார் திருவிழாவின்போது விற்கப்படுகின்றன. மாப்புசா நகரின் மிலாக்ரஸ் மாதாவை ஷிர்காவ் லைராய் தேவியின் சகோதரியாகக் கருதி, இந்துக்களும் எண்ணெய் கொண்டு வந்து வணங்குகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டிலும் எதிர்ப்பு ஓயவில்லை. சாந்தோ எஸ்தேவாம் தீவில் 1902-ல் பிறந்த ஓவியர் ஆஞ்சலோ ட ஃபொன்சேகா, அவனீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் ஆகியோரிடம் பயின்றவர். மாதாவைச் சேலை உடுத்திய இந்தியப் பெண்ணாக அவர் தீட்டியதைச் சொந்த மண்ணின் சமயத் தலைமை ஏற்கவில்லை. அவர் புணே நகருக்குக் குடிபெயர்ந்து 1967-ல் மறையும் வரை அங்கேயே பணியாற்றினார்.

சந்தையும் சட்டமும்:

இன்று இக்கலைக்குச் சமய மன்றங்களின் தடை இல்லை. நெருக்கடி சந்தையிலிருந்து வருகிறது. அச்சில் வார்க்கப்படும் பிளாஸ்டர், ஃபைபர் சொரூபங்கள் குறைந்த விலைக்கு உடனே கிடைக்கின்றன. மரச் சொரூபமோ பல வார உழைப்பைக் கேட்கிறது. தந்த வணிகத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986, 1991-ம் ஆண்டுத் திருத்தங்கள் முடிவுக்குக் கொண்டு வந்தன. அவற்றை உச்ச நீதிமன்றம் 2003-ல் உறுதி செய்தது. யானைகளைக் காக்க அது தேவையான முடிவே. ஆனால், தந்தத்தில் பழகிய நுண்ணிய கைத்திறன் மரத்தில் தொடர வழி தேடப்பட வேண்டியிருந்தது.

நூறாண்டு கடந்த சொரூபங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் (1972) தடை செய்கிறது. பழைய பொருளை அச்சட்டம் காக்கிறது. ராச்சோல் குருமடத்தில் 1994-ல் தொடங்கி, 2002-ல் பழைய கோவாவின் சாந்தா மோனிகா மடத்துக்கு மாறிய கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகமும் அப்பணியையே செய்கிறது. பெலிக்கன் பறவை வடிவில் அமைந்த வெள்ளி நற்கருணைப் பேழை அங்குள்ள அரிய பொருள்களில் ஒன்று. ஆனால், இன்று உளி பிடிப்பவரைக் காப்பது அருங்காட்சியகத்தின் வேலை அல்ல.

அதற்கான மத்திய அரசின் திட்டமாக முன்வைக்கப்படுவது, 2023 செப்டம்பர் 17-ம் தேதி தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம். 13 ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 18 தொழில்களைச் சேர்ந்தோருக்குப் பயிற்சியும், 5 சதவீத வட்டியில் இரு தவணைகளாக 3 லட்சம் ரூபாய் வரை கடனும் வழங்க அது வகை செய்கிறது. தச்சர், பொற்கொல்லர், சிற்பி ஆகியோர் பட்டியலில் உள்ளனர். ஆனால், குடும்பத் தொழில் என்ற அடிப்படை சாதிவழித் தொழிலை வலுப்படுத்தும் எனக் கூறி, தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அத்திட்டத்தை அதே வடிவில் ஏற்க மறுத்து, கலைஞர் கைவினைத் திட்டம் என்ற தனித் திட்டத்தை அறிவித்தது.

கோவாத் தீவுகளின் அனுபவம் இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்தும். யார் எதைச் செய்யலாம் என்று பிறப்பையும் சமயத்தையும் கொண்டு வரையறுத்த ஆணைகள் அங்கு தோற்றன. திறமையும் தேவையும் சந்தித்த இடத்தில்தான் கலை வளர்ந்தது.

களிமண் விநாயகர் சிலைகளைச் செய்வோருக்கு கோவா அரசு மானியம் வழங்கி வருகிறது. வழிபாட்டுக் கைவினையைக் காப்பது அரசின் கடமைகளில் ஒன்று என்பதை அது ஏற்றுக்கொண்டுள்ளதற்கு இதுவே அடையாளம். அதே கொள்கையை மரச் சொரூபம் செதுக்குவோருக்கும் விரிவாக்கலாம். அருங்காட்சியகங்களின் பழைய மாதிரிகளைப் பயிற்சிக்குத் திறந்துவிடலாம். ஆலயங்களும் புதிய சொரூபம் வாங்கும்போது உள்ளூர்ச் சிற்பிகளுக்கு முன்னுரிமை தரலாம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கினர் கிறிஸ்தவர்களாக உள்ள மாநிலத்தில், வாங்குவோருக்குப் பஞ்சமில்லை. வாங்குவோரின் கவனத்தைச் செதுக்குவோரின் பக்கம் திருப்புவதே செய்ய வேண்டிய வேலை.