சார்மினார் சதுக்கத்தில் பெட்டி இல்லாத புதையல் வேட்டை!

தார்நாகா என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது தார் ரோடுதான். உருதுவில் 'தார்' என்றால் கம்பி. 'நாகா' என்றால் காவல் சாவடி. கம்பி வேலியும் சாவடியும் இருந்த இடம் என்பதால் இப்பெயர் வந்ததாம். பெயருக்குள்ளேயே இப்படிக் கதை ஒளிந்திருக்கும் ஊர் ஐதராபாத். ஒளிந்திருப்பதைத் தேடிப் பிடிக்கவென்றே ஒரு விளையாட்டும் இன்று உலகெங்கும் நடக்கிறது. அதன் பெயர் 'ஜியோகேச்சிங்'.

வாளியில் தொடங்கியது

வானில் சுற்றும் செயற்கைக் கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தைக் கருவியில் அறியும் முறையே ஜி.பி.எஸ். பொதுமக்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நீக்கியது. மே 3-ந் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டுப் பகுதியில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அட்ச ரேகை, தீர்க்க ரேகை அளவுகளை அறிவித்தார். முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்பதே சவால்!

இன்று இப்படி ஒளித்து வைத்தவை 30 லட்சத்துக்கும் மேல். பெட்டியைக் கண்டவர் அதிலுள்ள நோட்டில் பெயர் எழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் ஈடாக இன்னொன்றை வைக்க வேண்டும். தனிக் கருவி தேவையில்லை; கைப்பேசியே போதும்.

இங்கே பெட்டி ஆகாது

சார்மினார் சதுக்கத்தில் ஒரு டப்பாவை ஒளித்து வைத்தால் என்ன ஆகும்? விளையாட்டு வினையாகிவிடும்! 2007 மே 18 அன்று அருகிலுள்ள மெக்கா மசூதியில் குண்டு வெடித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 25-ல் லும்பினி பூங்காவிலும் கோட்டியிலும், 2013 பிப்ரவரி 21-ல் தில்சுக் நகரிலும் வெடித்தன. அனாதையாகக் கிடக்கும் பெட்டியைக் கண்டால் இந்நகரம் பதறுவதில் வியப்பில்லை. அமைதியான இங்கிலாந்திலேயே, விளையாட்டுக்காக வைத்த டப்பாவை வெடிகுண்டு என்றெண்ணி நிபுணர்கள் தகர்த்ததுண்டு.

இதற்கும் வழி இருக்கிறது. பெட்டியே இல்லாத வகையும் இவ்விளையாட்டில் உண்டு. குறித்த இடத்துக்குச் சென்று, அங்கே கண்ணால் பார்த்தால் மட்டுமே விடை தெரியும் கேள்விக்குப் பதில் சொன்னால் வெற்றி. சார்மினாருக்கு ஏற்றது இதுதான்.

பூனையும் சூனியமும்

1591-ல் முகமது குலி குதுப் ஷா எழுப்பிய கட்டடம் இது. நான்கு முகத்திலும் உள்ள கடிகாரங்கள் 1889-ல் பொருத்தியவை. கிழக்குப் பக்கத்தில் அண்ணாந்து தேடினால் சுதையில் செய்த பூனைத் தலை ஒன்று தட்டுப்படும். கொள்ளை நோய் பரப்பும் எலிக்குப் பூனை எமன் என்பதால் வைத்தார்கள் என்பது ஊர்ப் பேச்சு. நாள்தோறும் அவ்வழியே போகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

வடக்கே நடந்தால் குல்ஜார் ஹவுஸ் என்ற நீர்த்தொட்டி. அதைச் சுற்றித் திசைக்கொன்றாக நான்கு வளைவுகள். வடக்கு வளைவுக்கு மீன் பெயர்: மச்லி கமான். மேற்கு வளைவை 'ஷேர்-ஏ-பாத்தில்' என்கிறார்கள். 'ஷேர்' என்றால் சிங்கம். சிங்கத்துக்கு இங்கே என்ன வேலை? 'ஸிஹ்ர்', அதாவது சூனியம் என்ற சொல்லே இப்படி மருவியதாம். சூனியம் செல்லாத வாசல் என்று பொருள். அரண்மனைக்குப் போகும் வழி இது. பேய் பிசாசும் ஏவலும் உள்ளே நுழையாதபடி, மந்திர வாசகம் பொறித்த கல்லை இங்கே நாட்டினார்கள் என்பது கதை. அரண்மனை போய்விட்டது, வாசல் நிற்கிறது!

பறை தொட்டால் சிறை

சார்மினாரிலிருந்து கோல்கொண்டாவுக்குச் சுரங்கப் பாதை இருக்கிறது, அதில் புதையல் இருக்கிறது என்ற பேச்சும் பழையதே. கோட்டையில் நள்ளிரவில் நாட்டியக்காரி தாராமதியின் சலங்கை ஒலி கேட்கும் என்பாரும் உண்டு. கதை கேட்கலாம், கடப்பாரை தூக்கக் கூடாது. மண்ணில் கிடைக்கும் புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுச் சட்டம். மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சேதப்படுத்தினால், 2010-ல் திருத்திய சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்ச ரூபாய் வரை அபராதம். புதையல் ஆசையில் கல்லைப் பெயர்ப்பவன் தேடுவது பொன். அழிப்பது ஊரின் கதை.

தார்நாகாவிலிருந்து மெட்ரோவில் பரேட் கிரவுண்ட் சென்று, அங்கே பச்சை வழிக்கு மாறினால் எம்.ஜி.பி.எஸ். வரை போகலாம். அங்கிருந்து ஆட்டோ. வளையல் வாங்கப் போகும் ஞாயிற்றுக்கிழமையில், பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள்: பூனை எங்கே? மீன் வளைவு எது? சூனியம் நுழையாத வாசல் எது? கடிகார முட்களைப் பார்த்து, கண்டுபிடித்த நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூட்டத்தில் பிள்ளைகளின் கையை மட்டும் விடாதீர்கள்.