சிறு கல்லுக்குக் கார் கண்ணாடி ஏன் விரிசல் விடுகிறது?

ஆசையாக வாங்கிய புதுக் கார். முன்னால் போகும் லாரி டயரிலிருந்து ஒரு ஜல்லி தெறிக்கிறது. ‘டிக்’ என்று சத்தம். கண்ணாடியில் மிளகளவு வெள்ளைப் புள்ளி. சின்னக் கல்லுக்கு இவ்வளவு பலமா?

வேகம்தான் காரணம். மோதும் வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆனாலும் கண்ணாடி நொறுங்கி உள்ளே கொட்டுவதில்லை. எப்படி? முன்கண்ணாடி என்பது 2 கண்ணாடித் தகடுகள். நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலம். உடையும் சில்லுகளை அது விடாமல் பிடித்துக்கொள்ளும்.

புள்ளிதானே என்று விட்டுவைக்காதீர்கள். வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் ஏசிக் காற்று பட்டால், இழுவிசை விரிசலின் நுனியில் குவியும். கோடு சரசரவென நீளும். தூசியும் ஈரமும் புகாமல் உடனே டேப் ஒட்டுங்கள். சீக்கிரம் விரிசலில் ரெசின் என்ற பிசினை நிரப்புங்கள். ஜல்லி லாரிக்குப் பின்னால் நெருங்கிப் போகாதீர்கள்.